கூடைப்பந்து டீச்சர் கண்டெடுத்த நடன வகுப்பு

1916-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான உடற்கல்வித் துறையில் மார்கரெட் எச்டப்ளர் என்ற இளம் ஆசிரியை வேலை பார்த்துவந்தார். உயிரியல் படித்தவர். 1910-இல் பட்டம் வாங்கிய கையோடு அந்தத் துறையிலேயே பாடம் நடத்தச் சேர்ந்துவிட்டார். கூடைப்பந்து என்றால் அவருக்கு உயிர். மாணவிகளுக்கு அதைப் பழக்குவதுதான் அவருடைய முக்கியமான வேலை.

மேற்படிப்புக்காக அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, துறைத்தலைவர் பிளாஞ்ச் டிரில்லிங் ஒரு பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். அங்கே இருக்கிற நடனப் பள்ளிகளையெல்லாம் போய்ப் பார், கல்லூரிப் பெண்கள் நேரம் செலவழித்துக் கற்கும் அளவுக்குத் தகுதியான நடனம் ஏதாவது இருக்கிறதா என்று தேடு, கிடைத்தால் கற்றுக்கொண்டு வா.

மார்கரெட்டுக்கு இதில் விருப்பமே இல்லை. கூடைப்பந்தை விட்டுவிட்டு நடனம் சொல்லிக்கொடுப்பதா என்று தயங்கினார். அவர் மேடையில் ஆடிப் பெயர் வாங்கியவர் அல்ல, பிற்காலத்திலும் ஆடவில்லை. அப்படிப்பட்ட ஒருவர்தான் உடற்கல்வி வகுப்பில் நடனத்தின் இடத்தை மாற்றினார். அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால், நம் பள்ளிகளின் பி.டி. பீரியடைப் பார்க்கும் பார்வையும் மாறும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், உடற்கல்வித் துறைக்கு நடனம் ஏன் தேவைப்பட்டது என்று பார்த்துவிடலாம். இதற்குள்ளும் கூடைப்பந்து வருகிறது. 1891-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் லூதர் கூலிக் என்பவர் உடற்பயிற்சிப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாது. கட்டடத்துக்குள் ஒரே மாதிரி கையைத் தூக்கி இறக்கும் பயிற்சி மாணவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது. உள்ளே விளையாட ஏதாவது புது விளையாட்டு கண்டுபிடி என்று தன்னிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் சொன்னார் கூலிக். அந்த டிசம்பரில் பிறந்ததுதான் கூடைப்பந்து.

அதே கூலிக் 1903-இல் நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகளின் உடற்பயிற்சி இயக்குநரானார். அங்கே அவர் எதிர்கொண்டது வேறு சிக்கல். புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளால் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. மைதானம் கிடையாது. ஒரு பந்து, இரண்டு அணி என்று வைத்துக்கொண்டால் பத்துப் பேர் ஆடுவார்கள், மீதிப் பேர் நிற்பார்கள். பெண்பிள்ளைகள் போட்டி விளையாட்டில் இறங்குவதைச் சமூகமும் அப்போது முகம் சுளித்துத்தான் பார்த்தது. குறைந்த இடத்தில், கருவி ஏதும் இல்லாமல், எல்லாரும் ஒரே நேரத்தில் அசைய என்ன வழி? நாட்டுப்புற நடனம் என்ற விடைக்கு வந்தார் கூலிக். கால், தொடை, இடுப்பு என உடம்பின் பெரிய தசைகளுக்கெல்லாம் அதில் வேலை உண்டு. தாளம் இருப்பதால் நெடுநேரம் ஆடினாலும் அலுப்புத் தட்டாது.

1905-இல் நியூயார்க் பொதுப்பள்ளிகளின் விளையாட்டுக் கழகத்துக்குப் பெண்கள் கிளை ஒன்று தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் எலிசபெத் பர்செனல். ஐரோப்பியக் கிராமங்களின் ஆட்டங்களைத் தேடித் தொகுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி புத்தகமாகக் கொண்டுவந்தவர். அந்தக் கிளை வகுத்துக்கொண்ட ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது: குழுவாக மட்டுமே ஆட வேண்டும், தனியாள் திறமைக்காட்சி கூடாது, பள்ளிக்குப் பள்ளி போட்டி கூடாது. நன்றாக ஆடும் நாலு பேரைப் பொறுக்கி எடுப்பதற்கு அங்கே இடமே இல்லை. சென்ட்ரல் பூங்காவின் புல்வெளியில் ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே நேரத்தில் ஆடிய விழாக்கள் இந்த ஏற்பாட்டிலிருந்து வந்தவைதான்.

ஆனாலும் அதில் ஒரு குறை இருந்தது. ஆட்டம் ஏற்கெனவே அமைக்கப்பட்டது. டீச்சர் ஸ்டெப்பைச் சொல்லுவார், பிள்ளைகள் அப்படியே செய்வார்கள். கல்லூரிகளில் நிலைமை இன்னும் இறுக்கம். பாலேயிலிருந்து கை வைக்கும் நிலைகளையும் கால் வைக்கும் நிலைகளையும் எடுத்து, உடற்பயிற்சி மாதிரி எண்ணிக்கை போட்டு, ‘அழகியல் நடனம்’ என்ற பெயரில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கை இந்த உயரம், தலை இந்தச் சாய்வு. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

நியூயார்க்கில் மார்கரெட் ஒவ்வொரு நடனக்கூடமாக ஏறி இறங்கியபோது கண்டதும் இதைத்தான். எல்லா இடத்திலும் ஆசிரியர் ஆடிக்காட்டுவார், மாணவர் அதைப் போலவே ஆட முயல்வார். உயிரியல் படித்த கண்ணுக்கு இது உறுத்தியது. ஒவ்வொருவருக்கும் எலும்பின் நீளம் வேறு, மூட்டின் நெகிழ்வு வேறு. ஒருவருடைய உடம்புக்குப் பொருந்திய அசைவை இன்னொருவர் உடம்பில் கொண்டுபோய் ஏற்றினால் அது என்ன கல்வி? கொலம்பியாவில் அந்தக் காலத்தில் ஜான் டூவியின் கல்விச் சிந்தனை கொடிகட்டிப் பறந்தது. செய்து பார்த்துத்தான் கற்க முடியும், கற்பவருடைய அனுபவமே கல்விக்குத் தொடக்கம் என்றார் டூவி. மார்கரெட் அங்கே படித்ததும் தத்துவமும் அழகியலும்தான். பகலில் வகுப்பில் கேட்டதும் நடனக்கூடத்தில் பார்த்ததும் ஒட்டவே இல்லை.

வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான் என்ற நிலையில், ஆலிஸ் பென்ட்லி என்ற இசை ஆசிரியையின் வகுப்புக்குப் போனார். பென்ட்லி நடனம் சொல்லிக்கொடுப்பவரே அல்ல. இசையை உடம்பால் உணர வேண்டும் என்பதற்காக மாணவர்களைத் தரையில் படுக்கவைத்து, புரளவிட்டு, அசையவிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் மார்கரெட்டுக்குப் பொறி தட்டியது.

நிற்கும்போது நம் உடம்பு ஓயாமல் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது: விழாமல் இருப்பது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு எல்லாம் புவியீர்ப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கின்றன. அதோடு, நிற்கிற ஆளுக்கு வெட்கமும் உண்டு. நான்கு பேர் பார்க்கிறார்கள், எப்படித் தெரிகிறேனோ என்ற நினைப்பு. தரையில் படுத்தவுடன் இரண்டும் விலகிவிடுகின்றன. விழுவதற்கு இடமில்லை. இறுக்கிப் பிடித்திருந்த தசைகளை விட்டுவிடலாம். அப்போது ஒரு மூட்டை மட்டும் அசைத்துப் பார்த்தால், அது எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது, எங்கே நிற்கிறது, அதன் பின்னால் எது இழுபடுகிறது என்பதெல்லாம் உள்ளிருந்தே தெரியும். கைக்குழந்தை குப்புற விழுவதும், தவழ்வதும், எழுந்து நிற்பதும் இந்த வழியில்தான். யாரும் அதற்குச் செய்துகாட்டுவதில்லை.

1917 கோடையில் மேடிசன் திரும்பிய மார்கரெட், கோடைக்கால வகுப்பில் தன் முதல் நடன வகுப்பை எடுத்தார். பெண்களின் உடற்பயிற்சிக் கட்டடமான லேத்ராப் ஹாலில் பின்னர் அவர் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்த வகுப்பு முறை இது. முதல் நாளே மாணவிகளைத் தரையில் படுக்கச் சொல்வார். கண்ணை மூடு. தலையை மட்டும் ஒரு பக்கம் மெதுவாகத் திருப்பு. கழுத்து திரும்புகிறது, கொஞ்சம் தள்ளித் தோள் பின்னால் வருகிறது, அதன்பின் விலா, அதன்பின் இடுப்பு, கடைசியில் காலும் புரண்டு வந்து உடம்பு முழுக்கக் குப்புறக் கவிழ்கிறது. இனி அதையே காலில் தொடங்கு. கால் மறுபக்கம் போனால் இடுப்பு போகிறது, முதுகு முறுக்கிக்கொள்கிறது, தலை கடைசியில் வருகிறது. அதே புரளல்தான், ஆனால் உணர்வு முற்றிலும் வேறு. இந்த வித்தியாசத்தை மாணவி தானே கண்டுபிடிக்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு எலும்புக்கூடு இருக்கும். இடுப்பு மூட்டைத் தொட்டுக் காட்டுவார்; குழிக்குள் உருண்டை உட்கார்ந்திருக்கிறது, அதனால் கால் எல்லாப் பக்கமும் சுழலும். முழங்காலுக்கு அந்த வசதி இல்லை, கதவுக் கீல் போல முன்னும் பின்னும்தான் போகும். இதைப் பார்த்துவிட்டுத் தரைக்குப் போய்த் தன் உடம்பிலேயே மாணவி சரிபார்த்துக்கொள்வாள். படுப்பதிலிருந்து தவழ்தல், முட்டி போடுதல், எழுதல், நடத்தல், ஊஞ்சல் போல் கையை வீசுதல், துள்ளல் என்று வகுப்பு மேலேறும். பிறகுதான் தாளம். பிறகுதான் தாளத்தோடு ஒரு சவால்: எடை முழுக்கக் கீழே இறங்குகிற மாதிரி நட, இப்போது அதற்கு நேர்மாறாக, இரண்டையும் கோத்து ஒரு சிறு தொடர் அமை. அப்படி அமைப்பதுதான் அவளுடைய நடனம்.

மார்கரெட் ஆடிக்காட்டவே மாட்டார். அதில் பிடிவாதமாக இருந்தார். ஆசிரியர் ஒருமுறை செய்துகாட்டினால் போதும், அறையிலிருக்கும் அத்தனை பேரும் தம் உடம்பைக் கேட்பதை விட்டுவிட்டு ஆசிரியரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். கூச்சம் போக்குவதற்காகச் சில வேளைகளில் மாணவிகளின் கண்ணைத் துணியால் கட்டியும் விட்டிருக்கிறார். எல்லாருடைய கண்ணும் கட்டியிருக்கும்போது யாரும் யாரையும் பார்க்க முடியாதல்லவா?

விளையாட்டு வகுப்பில் ஒதுங்கி நிற்கிற பிள்ளையை நான் இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்கிறேன். எல்லா வகுப்பிலும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. ஓட்டத்தில் கடைசியாக வருகிறவன். அணி பிரிக்கும்போது கடைசிவரை பெயர் கூப்பிடப்படாதவள். பருவமடைந்த பிறகு உடம்பைப் பற்றிய கூச்சத்தால் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிற பெண்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். ஒரு பீரியட் முழுக்கத் தான் மற்றவரைவிட மட்டம் என்று மீண்டும் மீண்டும் நிரூபிக்கப்படுகிற இடத்துக்கு எந்தக் குழந்தை ஆசையோடு வரும்? மார்கரெட்டின் வகுப்பில் ஒப்பிட எதுவுமே இல்லை. பருமனான பிள்ளையின் இடுப்பு மூட்டும் குழிக்குள் உருண்டைதான். அவள் கண்டுபிடித்த அசைவு அவளுடையது. அதில் தப்பு கண்டுபிடிக்க அளவுகோல் கிடையாது.

இந்த வகுப்புக்கு மாணவிகள் திரண்டு வந்தார்கள். நேரம் போதாமல், ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து ‘ஆர்கெசிஸ்’ என்ற நடனக் குழுவைத் தொடங்கினார்கள்; அதே பெயரில் மற்றக் கல்லூரிகளிலும் குழுக்கள் முளைத்தன. 1926-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நடனத்தைப் பட்டப்படிப்பாகவே ஏற்றுக்கொண்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று நடனத்துக்குப் பட்டம் கொடுத்தது அதுவே முதல் முறை. அந்தப் பட்டம் இசைத்துறையிலோ நாடகத்துறையிலோ பிறக்கவில்லை, பெண்கள் உடற்கல்வித் துறையில் பிறந்தது. எலும்பும் தசையும் படித்தவர்கள்தான் நடனத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே படித்து வெளியேறியவர்கள் நாடு முழுக்க உடற்கல்வி ஆசிரியைகளாகப் போய்ச் சேர்ந்ததால் இந்த முறையும் கூடவே பரவியது. பின்னாளில் புதுமை நடனத்தில் பெரிய பெயர் வாங்கிய அன்னா ஹால்ப்ரின், 1930-களின் இறுதியில் மார்கரெட்டிடம் படித்தவர். தன் வேலை முழுவதற்கும் அடித்தளம் அந்த வகுப்பே என்று கடைசிவரை சொல்லிவந்தார். 2021-இல், 100 வயதில் மறைந்தார். மார்கரெட் 1954-இல் ஓய்வு பெற்றார். 1982-இல் காலமானார்.

இதற்குப் பிறகு நடனம் உடற்கல்விக்குள் பல வடிவங்களில் வந்துவிட்டது. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1998-இல் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. திரையில் அம்புக்குறி வரும், தாளத்துக்கு ஏற்பத் தரைவிரிப்பில் அந்தந்த அம்பை மிதிக்க வேண்டும். பிள்ளைகளின் உடற்பருமனால் கவலைப்பட்டிருந்த மேற்கு வர்ஜீனியா மாநிலம், தன் 700-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கும் இதைக் கொண்டுசேர்க்கப்போவதாக 2006-இல் அறிவித்தது. பந்தைத் தொடாத பிள்ளைகள்கூட இதற்கு வரிசையில் நின்றார்கள். வியர்க்க வியர்க்க ஆடினார்கள். அது நல்லதுதான். ஆனால் டீச்சர் இருந்த இடத்தில் திரை வந்திருக்கிறது, அவ்வளவே. எங்கே கால் வைப்பது என்பதை இன்னமும் வெளியிலிருந்து ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறது. தப்பாக மிதித்தால் மதிப்பெண் குறைகிறது. அம்பு நின்றால் ஆட்டமும் நிற்கும். ஆர்வத்தைத் தூண்ட அது உதவும், உடம்பை அறிய உதவாது என்பது என் கருத்து.

நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. கூலிக் வேலை பார்த்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருப்பது அதுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பி.டி. ஆசிரியர் என்றொருவர் இருப்பதற்கு அந்தக் கல்லூரி முக்கியமான காரணம். கூடைப்பந்தும் கைப்பந்தும் நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் வேரூன்றியதும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். விளையாட்டு விழாவில் டிரில்லோடு லெஜிமும் கோலாட்டமும் சேர்ந்தே நடந்த காலம் பலருக்கு நினைவிருக்கும்.

அந்தக் கோலாட்டமும் கும்மியும் இப்போது எங்கே போயின என்று பார்த்தால், ஆண்டு விழா மேடைக்குப் போயிருக்கின்றன. வாடகைக்கு உடை எடுத்து, சினிமாப் பாட்டுக்கு மாஸ்டர் வைத்து ஸ்டெப் பழக்கி, நன்றாக ஆடுகிற பத்துப் பேரை முன்வரிசையில் நிறுத்துகிறோம். மீதி முப்பது பேர் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். உடம்பை அசைக்க வேண்டிய பிள்ளை எதுவோ அது பார்வையாளராகிவிடுகிறது. கும்மி அப்படிப்பட்ட ஆட்டமே அல்ல. வட்டத்துக்கு முன்வரிசை கிடையாது. எல்லாரும் எல்லாருடைய முகத்தையும் பார்த்தபடி, குனிந்து நிமிர்ந்து, சுற்றி வந்து, கை தட்டி ஆடுவது. இடுப்பு, தொடை, தோள் எல்லாவற்றுக்கும் வேலை. புதிதாக ஒருவர் வந்தால் வட்டம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். பர்செனல் ஐரோப்பியக் கிராமங்களில் தேடிப்போனது நம் வீட்டு முற்றத்திலேயே இருந்திருக்கிறது.

பி.டி. பீரியடின் கதையோ இன்னும் வேதனை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் கணக்கு சாரும் அறிவியல் டீச்சரும் அதைக் கடன் வாங்கிக்கொள்கிறார்கள், திருப்பித் தருவதில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பை நன்றாக அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் 2016-ஆம் ஆண்டு வரையிலான தரவுகளைத் திரட்டி அது 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுக்கு உட்பட்ட பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண்களில் 85 சதவீதம், ஆண்களில் 78 சதவீதம். மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளைகள்தான் அந்த 85.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வாரத்தில் ஒரு பி.டி. பீரியடை நடனத்துக்குக் கொடுங்கள். மேடை வேண்டாம், உடை வேண்டாம், மாஸ்டர் வேண்டாம், ஒலிபெருக்கிகூட வேண்டாம். ஒரு பறையோ, மேசையில் தட்டுகிற கையோ போதும். மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடக்கிற நாளில் வகுப்பறைப் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டே தொடங்கலாம். பாயோ சாக்கோ விரித்துப் பிள்ளைகளைப் படுக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். எது பின்தொடர்கிறது என்று அவர்களையே சொல்லவிடுங்கள். அடுத்த வாரம் எழுந்து நடக்கட்டும். அதற்கடுத்த வாரம் தாளம் வரட்டும். பிறகு வட்டமாகக் கும்மி அடிக்கட்டும், அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிள்ளை தானாக ஓர் அசைவைச் சேர்க்கட்டும். நீங்கள் ஆடிக்காட்ட வேண்டியதில்லை, ஆடத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. யாரையும் முன்வரிசையில் மட்டும் நிறுத்தாதீர்கள்.